கண்டனம் அல்ல, கண்டோனேஷன்!

"ஹஜ்ரத், நாம் யாரையும் கண்டிக்கவில்லையே! வக்கீல் எதற்காகக் கண்டனப் பெட்டிஷன் போடணும் என்கிறார்?"

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். வாங்கிய சரக்கின் பாக்கிக்காக ஒரு மண்டிக்காரர் அவர் மீது வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்தது. வக்கீலையும் வைத்தார். பிறகு கடையை இடம் மாற்றினார், வாப்பாவுக்கு ஆபரேஷன், தங்கைக்கு நிக்காஹ் என்று நாட்கள் ஓடிவிட்டன. வாய்தாக்களுக்கு ஆளில்லாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. ஜப்தி நோட்டீஸ் கடைக் கதவில் ஒட்டப்பட்ட பிறகுதான் விழித்திருக்கிறார். அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதற்கு 30 நாள்தான் கெடு. இவருக்கோ ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

கையில் வைத்திருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வக்கீல் குமாஸ்தா தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'கண்டோன் டிலே பெட்டிஷன்'. அதைத்தான் தம்பி கண்டனம் என்று படித்திருக்கிறார். சிரிக்காதீர்கள் சகோதரர்களே! நானும் மதரஸாவிலிருந்து வெளியே வந்த புதிதில் அப்படித்தான் படித்தேன். தமிழ்க் காதுக்கு 'கண்டோன்' என்பதும் 'கண்டனம்' என்பதும் அண்ணன் தம்பி போலக் கேட்கின்றன. அர்த்தத்தில் ஒன்று கிழக்கே போகிறது, மற்றது மேற்கே போகிறது. கண்டனம் என்றால் குற்றத்தைச் சொல்லி இடித்துரைப்பது. கண்டோன் என்றால் குற்றத்தை அறிந்தும் அதைப் பொறுத்துக்கொண்டு விட்டுவிடுவது.

இந்த ஒரு வார்த்தை நம் சமுதாயத்தின் கடைகளிலும் கல்லூரிகளிலும் பள்ளிவாசல் சொத்துகளிலும் எந்த அளவுக்குப் புகுந்து விளையாடுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லத்தீன் மொழியில் 'டொனாரே' என்றால் கொடுப்பது. 'டொனேஷன்' வந்த வழியும் அதுதான். அதோடு ஒரு 'கான்' சேர்ந்து 'கொடுத்துத் தீர்த்துவிடுவது, விட்டுக்கொடுப்பது' என்றாயிற்று. கல்லூரிக்குள் நுழைய டொனேஷன், நுழைந்த பின் வராமல் இருந்ததற்குக் கண்டோனேஷன்! இரண்டுக்கும் பணம் கட்டுகிற தகப்பனார்களுக்கு இந்த உறவு முறை புத்தகம் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

இங்கிலாந்தின் 1857 ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் இந்த வார்த்தை இடம்பெற்றது. மனைவியின் துரோகம் தெரிந்த பிறகும் கணவன் பொறுத்துக்கொண்டு சேர்ந்து வாழ்ந்தான் என்றால் அவன் அதைக் கண்டோன் செய்துவிட்டான், அதே குற்றத்தைக் காட்டிப் பிறகு விவாகரத்துக் கேட்க முடியாது என்பது விதி. நம் நாட்டில் 1955 ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 23 ஆவது பிரிவிலும் இந்த விதி இருக்கிறது. தாஸ்தானே வழக்கில் 1975 இல் உச்சநீதிமன்றம் இதை விளக்கியது. மன்னிப்பது மட்டும் போதாது, குற்றம் செய்தவரைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்கவும் வேண்டும். அதுவும் நிபந்தனையோடுதான். மறுபடி தவறு செய்தால் பழைய குற்றமும் எழுந்து நிற்கும்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்தது தெரியாதவன் அதைக் கண்டோன் செய்ய முடியாது. பாதிக்கப்படாத மூன்றாவது ஆளுக்கும் அந்த அதிகாரம் இல்லை. இதைப் பிறகு பத்திரிகைக்காரர்களைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்கொள்வோம்.

நம் மக்களிடம் இதற்கு அழகான தமிழ் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக வந்து "பொறுத்துப் பொருந்திக்கொள்ளுங்கள்" என்கிறாரே, அதுதான் கண்டோன். கோர்ட்டுத் தமிழில் 'காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு' என்கிறார்கள்.

ஆனால் நம் ஷரீஅத்தில் உள்ள 'ருக்ஸத்'தையும் இதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார், நோயாளி நோன்பை வேறு நாளுக்குத் தள்ளி வைக்கிறார். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சட்டமே முன்கூட்டித் திறந்து வைத்த வாசல் அது. கண்டோனேஷனோ கெடு தவறிய பிறகு, வாசல் சாத்தப்பட்ட பிறகு, வெளியே நின்று தட்டுவது. திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவர் விருப்பம். நம் இளைஞர்களில் பலர் கண்டோனேஷனை ருக்ஸத் என்று நினைத்துக்கொண்டு கெடுவைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறார்கள். "டிலே பெட்டிஷன் போட்டால் ஆச்சு பாய்!" என்று டீக்கடையில் எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள்!

சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5 ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிரிவின் வாசகத்தில் 'கண்டோன்' என்ற வார்த்தையே கிடையாது. உரிய நேரத்தில் வராததற்குப் 'போதிய காரணம்' இருந்தது என்று கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால் அப்பீலையோ மனுவையோ கெடு முடிந்த பின்பும் ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை வக்கீல்களும் நீதிபதிகளும்தான் அதன் தலையில் வைத்தார்கள். பிறகு 1976 இல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது 41 ஆவது ஆர்டரில் ஒரு தலைப்பாகவே அது ஏறிவிட்டது.

'அப்பீலையோ மனுவையோ' என்ற சொற்களை வியாபாரிகள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் போடும் வழக்குக்கு, அதாவது சூட்டுக்கு, 5 ஆவது பிரிவு கிடையாது! புரோநோட்டுக்கு அது எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம். தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, சரக்கை ஒப்படைத்த தேதியிலிருந்து மூன்று வருடம். மூன்று வருடம் முடிந்து மறுநாள் நீங்கள் போய் நின்று, உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெள்ளம் வந்தது என்று எவ்வளவு உண்மையான காரணம் சொன்னாலும் அதை மன்னிக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

நம் தகப்பன்மார்களுக்கு இது தெரிந்திருந்தது. மூன்று வருடம் நெருங்கும்போது கடன்காரரைக் கூப்பிட்டு ஒரு சிறு தொகையை வாங்கி, நோட்டின் பின்பக்கம் 'வரவு வைத்து' கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். சட்டத்தின் 19 ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பணமே தராவிட்டாலும், கெடு முடிவதற்குள் 'இவ்வளவு பாக்கி தர வேண்டியுள்ளது' என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் இருந்தால் 18 ஆவது பிரிவு காப்பாற்றும். இன்றைய பிள்ளைகள் போனில் பேசி, முகதாட்சண்யத்துக்காக எதையும் எழுதி வாங்காமல் விட்டுவிட்டுப் பிறகு கோர்ட்டின் மன்னிப்பைத் தேடுகிறார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லிக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் இது!

காசோலை திரும்பினால் பேங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் போதிய காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். 2002 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலைத் திறந்தது. முதல் நோட்டீஸ் தாமதமானால் மன்னிப்பு கிடையாது. ஒரே சட்டத்தில் ஒரு கெடுவுக்கு மன்னிப்பு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை.

ஜி.எஸ்.டி. விஷயம் இன்னும் கடுமையானது. உத்தரவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் அப்பீல். போதிய காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். அவ்வளவுதான்! அதற்கு மேல் அந்த அதிகாரி மன்னிக்க நினைத்தாலும் முடியாது. இதே மாதிரி வரம்பு கட்டிய எக்சைஸ் சட்டத்தின் கீழ் சிங் என்டர்பிரைசஸ் வழக்கில் 2007 இலேயே உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிறு வியாபாரிகளுக்கு நடப்பது என்ன? நோட்டீஸ் தபாலில் வருவதில்லை, போர்ட்டலில் ஏதோ ஒரு மூலையில் ஏற்றப்படுகிறது. கணக்குப் பிள்ளை பார்ப்பதில்லை. பேங்க் கணக்கை முடக்கிய பிறகுதான் உத்தரவு என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. இப்படிச் சிக்கியவர்கள் அதிகமாகிவிட்டதால்தான் அரசாங்கமே 2023 நவம்பர் 2 அன்று ஒரு அறிவிப்பு வெளியிட்டு, 2023 மார்ச் 31 வரை பிறப்பித்த உத்தரவுகளுக்கு 2024 ஜனவரி 31 வரை அப்பீல் செய்யலாம் என்று பொதுவாகக் கதவைத் திறந்துவிட்டது. அந்தத் திறப்பும் முடிந்துபோன கதை. மாதத்தில் இரண்டு முறையாவது நீங்களே போர்ட்டலைத் திறந்து பாருங்கள். கணக்குப் பிள்ளை பார்த்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள்.

மஞ்சள் காமாலை என்னும் மாமருந்து

இப்போது மனதை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். தாமத மன்னிப்பு மனுவோடு ஒரு பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும். அதில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? மஞ்சள் காமாலை! கோர்ட்டில் தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை வந்திருந்தால் தமிழ்நாட்டில் கீழாநெல்லிச் செடியே மிஞ்சியிருக்காது. காமாலை இல்லையென்றால் டைபாய்டு. குமாஸ்தாவிடம் தயாராக அச்சடித்து வைத்தது போல ஒரு பத்தி இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றுகிறார்கள், கட்சிக்காரர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்.

இரும்புக் கடைத் தம்பியின் வாக்குமூலத்திலும் அதுதான் இருந்தது. "உங்களுக்குக் காமாலை வந்ததா தம்பி?" என்று கேட்டேன். "இல்லை ஹஜ்ரத், வக்கீல் அப்படித்தான் எழுதணும் என்றார்." அது வெறும் காகிதமல்ல. அல்லாஹ்வை முன்னிறுத்தி உண்மை சொல்வதாகச் செய்யும் சத்தியம். பொய்ச் சத்தியம் எவ்வளவு பெரிய பாவம் என்பதை வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறோம், திங்கட்கிழமை கோர்ட்டில் கையெழுத்துப் போடுகிறோம்!

கல்லூரிப் பிள்ளைகளும் இதில் குறைந்தவர்களல்ல. பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீத வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றிதழும் கட்டணமும் செலுத்தி கண்டோனேஷன் வாங்கலாம். அந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், எவ்வளவு விலை என்று முதலாம் ஆண்டிலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். நோய் வராத உடம்புக்கு நோய்ச் சான்றிதழ் வாங்குகிறவன் நாளை டாக்டராகவோ வக்கீலாகவோ வந்து சமுதாயத்துக்கு என்ன செய்வான்? ஜும்ஆவுக்குப் போனதால் வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு போய்விட்டது என்றால் அதையே எழுதிக்கொடுத்துத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம். நாம் வெட்கப்பட வேண்டிய காரணமா அது?

உண்மை எழுதினால் கோர்ட்டு தள்ளிவிடும் என்பது பொய். ஓர் உதாரணம். பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி என்று சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு, 1998 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தாமதம் 883 நாள்! அந்த மனிதர் சொன்ன காரணம்: என் வக்கீல் என்னைக் கைவிட்டுவிட்டார். சும்மா சொல்லவில்லை, அந்த வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்கே போய் 50,000 ரூபாய் நஷ்ட ஈட்டுக்கு உத்தரவு வாங்கியிருந்தார். தாமதத்தின் நீளம் முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று சொல்லி உச்சநீதிமன்றம் மன்னித்தது. காமாலைக்காரர்கள் பத்து நாளுக்கே தோற்றுப்போகிறார்கள், உண்மை பேசியவர் 883 நாளைக் கடந்து வந்தார்.

யாருக்குத் தாராளம்?

தாமத மன்னிப்பு என்றவுடன் எல்லா வக்கீல்களும் எடுத்து வைக்கிற தீர்ப்பு ஒன்று உண்டு. 1987 ஆம் ஆண்டின் காதிஜி வழக்கு. நீதிமன்றங்கள் தாராள மனதோடு இருக்க வேண்டும், தொழில்நுட்பக் காரணம் சொல்லி நியாயத்தைக் கொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. ஏழை எளியவருக்காகச் சொன்ன தீர்ப்பு என்றுதான் நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் கதை வேறு! காஷ்மீரத்து அனந்தநாக்கில் அரசாங்கம் நிலம் எடுத்தது. நஷ்ட ஈடு ஒரு கனாலுக்கு 1000 ரூபாயிலிருந்து 8000 ரூபாயாக உயர்ந்தது. அதை எதிர்த்து அரசாங்கம் நான்கு நாள் தாமதமாக அப்பீல் செய்தது. அந்தத் தாமதத்தைத்தான் உச்சநீதிமன்றம் பொறுத்துக்கொண்டது. அரசாங்கத்தை மாற்றாந்தாய் மனதோடு பார்க்கக் கூடாதாம்!

நான்கு நாள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அரசுத் துறைகள் நூற்றுக்கணக்கான நாள் தாமதமாக வரத் தொடங்கின. கோப்பு நகர்ந்தது, அதிகாரி மாறினார், ஒப்புதல் வரவில்லை என்று ஒரே பல்லவி. 2012 இல் தபால் துறை லிவிங் மீடியா நிறுவனத்துக்கு எதிராக 427 நாள் தாமதமாக வந்தபோதுதான் உச்சநீதிமன்றம் போதும் என்றது. காலவரையறை அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லி மனுவைத் தள்ளியது. 2020 இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்தோடு வந்தபோது 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா, அதே 2020 இல் கொரோனாவின்போது யாரும் தனித்தனியாக மனுப் போடாமலே நாடு முழுவதற்கும் கெடுக்களை நிறுத்தி வைத்ததும் அதே நீதிமன்றம்தான். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.

பத்திரிகைக்காரர் கேட்கும் கேள்வி

கோர்ட்டுக்கு வெளியே இந்த வார்த்தைக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு அக்கிரமம் நடக்கும். செய்தவன் பெயர் முஸ்லிம் பெயராக இருந்தால் போதும், மறுநாள் மைக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "இதை நீங்கள் கண்டோன் செய்கிறீர்களா?" அப்பாவிகளின் உயிரைப் பறிப்பவன் எவனாக இருந்தாலும் அவன் கொலைகாரன், அதைக் கண்டிப்பதில் நமக்குத் தயக்கம் இருந்ததில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் கேள்வியின் அமைப்பைப் பாருங்கள். மேலே சொன்ன விதிகளை நினைவுபடுத்துங்கள். மேலப்பாளையத்தில் கைலி விற்கிறவருக்கு அந்தக் குற்றம் நடக்கப் போவது தெரியுமா? பாதிக்கப்பட்டவர் அவரா? மன்னிக்கிற அதிகாரத்தை யார் அவரிடம் கொடுத்தது? அதிகாரமே இல்லாதவனிடம் போய் மன்னித்தாயா என்று கேட்பது கேள்வியல்ல. குற்றவாளியோடு அவனையும் ஒரே கூண்டில் நிறுத்துகிற தந்திரம்.

அதிகாரம் உள்ளவர்கள் செய்தது என்ன? 2018 ஜூலையில், ராம்கர் படுகொலை வழக்கில் தண்டனை பெற்று ஜாமீனில் வந்தவர்களுக்கு ஒரு மத்திய அமைச்சர் மாலை போட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகள் குஜராத்தில் விடுதலையானார்கள், இனிப்பும் மாலையும் காத்திருந்தன. அங்கே பயன்பட்ட ஆங்கில வார்த்தை 'ரெமிஷன்', தண்டனைக் குறைப்பு. கண்டோனேஷனின் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட அந்தச் சகோதரி மன்னிக்கவில்லை. அவருடைய காயத்தை அவர் சார்பில் அரசாங்கம் மன்னித்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது, குஜராத் அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று. மைக் நீட்டுகிறவர்கள் இந்த மாலைகளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா?

தம்பிகளே, அடுத்த முறை மைக் வந்தால் ஆங்கிலத்தைக் கேட்டுத் தடுமாறாதீர்கள். 'கண்டெம்' என்றால் கண்டிப்பது, 'கண்டோன்' என்றால் பொறுத்துக்கொள்வது. அவசரத்தில் "எஸ் சார், வீ கண்டோன்" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டு, கண்டித்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அந்த நிருபருக்கும் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது!

வக்ஃபுக்கு மன்னிப்பு உண்டா?

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். 1995 ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தில் 107 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. (ஜி.எஸ்.டி. அப்பீலும் 107 ஆவது பிரிவுதான். இரண்டும் நம்மையே தேடி வருகின்றன!) வக்ஃபின் அசையாச் சொத்தைத் திரும்பப் பெறுவதற்கான வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று அது சொன்னது. ஆக்கிரமிப்பு நடந்து எத்தனை வருடமானாலும் வழக்குப் போடலாம். இது நமக்குக் கொடுத்த சலுகை என்று சிலர் பேசுகிறார்கள். பிரிவினைக் கலவரத்தில் ஆட்கள் ஓடிப்போய் கேட்பாரற்றுக் கிடந்த வக்ஃப் நிலங்களைப் பிறர் வளைத்துக்கொண்டதால் 1959 இலேயே வக்ஃபுகளுக்குக் காலக்கெடுவை நீட்டித் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வழியில் வந்த பாதுகாப்பு அது.

2025 ஏப்ரல் 8 அன்று அமலுக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம் 107 தந்த பாதுகாப்பை நீக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது, இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை. இதன் பொருள் என்ன? ஆக்கிரமிப்பாளர் 'இது என்னுடையது' என்று உரிமை கொண்டாடி உட்கார்ந்த நாளிலிருந்து 12 வருடம் என்ற பொதுக் கணக்கு வக்ஃபுக்கும் வந்துவிடுகிறது. அது சூட். சூட்டுக்கு 5 ஆவது பிரிவின் மன்னிப்பு கிடையாது என்று மேலே எழுதினேன் அல்லவா? மறுபடி படியுங்கள்.

இதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. கடன் விஷயத்தில் மூன்று வருடம் போனால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், கடன் சாகாது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25 ஆவது பிரிவு அதைச் செல்லுபடியாக்குகிறது. ("மூன்று வருடம் முடிந்துவிட்டது, இனி தர வேண்டியதில்லை" என்று வியாபாரத்தில் பேசுகிற சகோதரர்கள் கவனிக்க. கோர்ட்டு தள்ளிய கடன் மறுமையின் கணக்கிலிருந்து தள்ளப்படுவதில்லை. கொடுத்தவர் பொருந்திக்கொண்டாலொழிய!) நிலம் அப்படியல்ல. காலவரையறைச் சட்டத்தின் 27 ஆவது பிரிவுப்படி, கெடு போனால் சொத்தின் மீதுள்ள உரிமையே செத்துவிடும். நம் பாட்டனார் அல்லாஹ்வுக்காக எழுதி வைத்த நிலம், நாம் தூங்கியதால் வேறொருவருடையதாகிவிடும்.

திருத்தச் சட்டத்தின் 3-பி பிரிவு, ஏற்கனவே பதிவான வக்ஃபுகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும் என்றது. 2025 ஜூன் 6 அன்று அந்தப் போர்ட்டல் தொடங்கப்பட்டது. தவறியவர்கள் தீர்ப்பாயத்தில் 'போதிய காரணம்' காட்டினால் அதிகபட்சம் மேலும் ஆறு மாதம் தரலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பார்த்தீர்களா, அதே இரண்டு வார்த்தைகள்! முத்தவல்லிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பத்திரம் பழைய முத்தவல்லி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அவருக்கும் இவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எத்தனை ஊரில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன்! இதையெல்லாம் எந்தத் தீர்ப்பாயத்தில் போதிய காரணம் என்று எழுதுவது?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு விஷயம் எழுதட்டும்: சர்வே எண், பத்திரத்தின் தேதி, இப்போது யார் கையில் இருக்கிறது, எந்த வருடத்திலிருந்து. கடைசியாகச் சொன்னதுதான் உயிர் நாடி. வாடகைக்கு வந்தவரா, வளைத்துக்கொண்டவரா என்பதையும் பிரித்து எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் கணக்கு வேறு. அந்த நோட்டோடு வக்கீலிடம் போங்கள். வெறுங்கையோடு போய் "ஏதாவது செய்யுங்கள் சார்" என்றால் அவரும் ஏதாவதுதான் செய்வார்.

இரும்புக் கடைத் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். காமாலையை அடித்துவிட்டு, கடை மாறியது, வாப்பாவின் ஆபரேஷன் பில், நிக்காஹ் பத்திரிகை, இவற்றின் தேதிகளை வரிசையாக எழுதி வேறு வாக்குமூலம் தயாரானது. வக்கீலுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்றாவது வாய்தாவில், எதிர்த் தரப்புக்கு 3000 ரூபாய் செலவுத் தொகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தாமதம் மன்னிக்கப்பட்டது. "மன்னிப்புக்கும் காசா ஹஜ்ரத்?" என்று கேட்டார் தம்பி. "அந்த மண்டிக்காரர் ஒன்றரை வருடமாக உங்களால் அலைந்தாரே, அவருக்குப் பஸ் சார்ஜ் யார் கொடுப்பது?" என்றேன். 3000 ரூபாயைக் கோர்ட்டில் கட்டிவிட்டு, அன்று சாயங்காலமே மண்டிக்குப் போய், பாக்கியில் தகராறு இல்லாத 40,000 ரூபாயையும் கொடுத்து ரசீது வாங்கி வந்திருக்கிறார். மீதிக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த வாய்தா தேதியைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருப்பதைப் போன வாரம் பார்த்தேன்.